குடல்நரம்பும் உலோகத் தந்தியும்: வயலின் ஒலியின் சமூக அடிப்படை பற்றி ஒரு நோக்கு

இசை பற்றிய எழுத்துக்களை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். இசையமைப்பாளர், இசைஞர், பாணி, மரபு ஆகியன பற்றி அங்கு விரிவான விளக்கங்கள் உண்டு. கருவியை ஆக்கியோரின் பெயர்களும் சிலவேளைகளில் இடம்பெறும். ஆயின், அக்கருவியிற் பூட்டப்பெற்ற நரம்பு எதனால் ஆயது, அதனைத் திரித்தவர் யாவர், எத்தகைய நிலைமைகளில் அவர் உழைத்தார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. 1737ஆம் ஆண்டில் மறைந்த ஸ்திராடிவாரியின் பெயரை அறியாத இசையன்பர் இலர். அவருடைய வயலின்களுக்கு நரம்பு திரித்தோரைப் பற்றிப் பேசுவோரைக் காண்பதே அருமை. இதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. வயலின் நூற்றாண்டுகள் கடந்தும் நிலைக்கும். நரம்போ சில வாரங்களில் தேய்ந்து அறுந்துவிடும். அறுந்த நரம்போடு அதனைத் திரித்த உழைப்பும் வரலாற்றின் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றது.

வில்லால் உரசி இசைக்கப்படும் கருவிகளில், சிறப்பாக வயலின் குடும்பத்தில், குடல்நரம்பு தன் இடத்தை உலோகத் தந்திக்கு விட்டுக்கொடுத்த வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். தொடங்குமுன் சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் 'நரம்பு' என்பது உடலின் ஓர் உறுப்பையும் யாழில் ஒலிப்பதையும் ஒருங்கே குறிக்கும். 'தந்தி' என்பதோ இசைக்கருவியின் கம்பியை மட்டுமன்றி, 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த மின்வழிச் செய்தியையுங் குறிக்கலாயிற்று. தெளிவு கருதி, குடலால் ஆயதை நரம்பு என்றும், உலோகத்தால் ஆயதைத் தந்தி என்றும் இங்கு வழங்குவோம். உடலுக்கும் மின்கம்பிக்கும் இடைப்பட்ட இச்சொல்வழக்கு நாம் கூறவிருக்கும் வரலாற்றுக்குப் பொருந்தி நிற்பதைப் பின்னர் காணலாம்.

இம்மாற்றத்திற்கு வழக்கமாக இரு விளக்கங்கள் தரப்படுவதுண்டு. குடல்நரம்பு எளிதில் அறுவது, ஈரத்தாற் சுருதி மாறுவது; உலோகம் உறுதியானது; எனவே உலோகம் வென்றது என்பது ஒன்று. குடல்நரம்பின் ஒலி மனிதக் குரலைப் போன்று இதமானது. உலோகத்தின் ஒலி இயந்திர யுகத்தின் வறட்சியைக் காட்டுவது. எனவே நிகழ்ந்தது ஒரு வீழ்ச்சி என்பது மற்றது. முன்னையது முன்னேற்றக் கதை. பின்னையது இழப்பின் கதை. இரண்டும் ஒரே தவற்றைச் செய்கின்றன. நல்லொலி எதுவெனத் தீர்மானிக்கும் செவியை அவை வரலாற்றுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றன. மனிதப் புலன்கள் வரலாற்றின் விளைபொருள்கள் என்பதை மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளிலேயே உணர்த்தியுள்ளார். இசைச்செவியை அவர் அங்கு எடுத்துக்காட்டாகக் கொண்டமை தற்செயலன்று.

குடற்பட்டறையின் உழைப்பு

குடல்நரம்பை ஆங்கிலத்தார் பூனைக்குடல் எனப் பொருள்தரும் பெயரால் வழங்குவர். பூனைக்கும் அதற்கும் தொடர்பில்லை. செம்மறியாட்டின் சிறுகுடலே அதன் மூலப்பொருளாக இருந்துவந்தது. ஆடு அறுக்கப்பட்டதும், சூடு ஆறுமுன் குடல் எடுக்கப்படல் வேண்டும். கழுவியபின் அதிலுள்ள கொழுப்பும் சளிப்படலமும் மழுங்கிய கருவியால் வழித்து நீக்கப்படும். பின்னர் சாம்பற்காரம் கலந்த நீரில் நாட்கணக்காக ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி மீண்டும் மீண்டும் வழிப்பர். அவ்வாறு பதமான குடல்களை வேண்டிய தொகையிற் சேர்த்து, ஈரமாகவே சக்கரத்திற் பூட்டித் திரித்து, சட்டங்களில் இழுத்துக் கட்டி, கந்தகப் புகையில் வெளுக்கவைத்து, உலர்த்தி, மெருகிடுவர். வயலினின் மிகவுயர்ந்த நரம்புக்குச் சில குடல்களே போதும். பெரிய வில்லுக்கருவியான டபிள் பாஸின் நரம்புக்கு அவற்றிற் பன்மடங்கு வேண்டும்.

17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் உரோம், நேப்பிள்ஸ் ஆகிய இத்தாலிய நகரங்களின் நரம்புகள் ஐரோப்பா எங்கும் மதிக்கப்பட்டன. ஆட்டு மந்தைகள் மலிந்த ஆப்ருஸோ மலைப்பகுதியில் இத்தொழில் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களிடையே நிலைத்தது. இசைவிழாக்களில் உயர்குடியினர் கேட்டு மகிழ்ந்த ஒலிக்குப் பின்னால் மலைநாட்டு இடையரும், கொல்களத் தொழிலாளரும், ஈரமும் காரமும் கைகளை அரிக்க நின்ற குடல்வழிப்போரும் இருந்தனர்.

இத்தொழிலின் துர்நாற்றம் சொல்லுந்தரமன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரிஸ் நகரத்துக் குடற்பட்டறைகளில், சளிப்படலத்தைத் தளர்த்துவதற்காகக் குடல்கள் அழுகவிடப்பட்டன. அழுகலின்றி இவ்வேலையைச் செய்யும் வழியைக் கண்டறிவோருக்குப் பிரெஞ்சுக் கைத்தொழில் ஊக்குவிப்புச் சங்கம் பரிசு அறிவித்தது. 1820களின் தொடக்கத்தில் அப்பரிசைப் பெற்றவர் லபராக் எனும் மருந்தாளர். அவர் பயன்படுத்திய குளோரின் சேர்ந்த காரக்கரைசல் பின்னர் வைத்தியசாலைகளிலும் பிணவறைகளிலும் தொற்றுநீக்கியாகப் பரவியது. 1824ஆம் ஆண்டில் மன்னன் 18ஆம் லூயி இறந்தபோது, அழுகத் தொடங்கியிருந்த அவனது உடலின் நாற்றத்தை அடக்க இக்கரைசலே வேண்டியதாயிற்று. குடற்றொழிலாளரின் பட்டறையில் தோன்றிய தேவையொன்று மன்னனின் பிணத்துக்கும் மக்களின் வைத்தியசாலைக்கும் பயன்பட்டது. இசை வரலாற்று நூல்களில் இச்செய்தி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

பியானோ செய்பவரின் உழைப்பையும் பியானோ வாசிப்பவரின் உழைப்பையும் முதலாளித்துவப் பொருளியல் எவ்வாறு வேறுபடுத்துகின்றது என்பதை மார்க்ஸ் 1857-58ஆம் ஆண்டுக் குறிப்பேடுகளில் ஆராய்ந்தார். எமது பொருளுக்கு அவ்வினாவை ஒருபடி கீழே கொண்டுசெல்லல் வேண்டும். வாசிப்பவர் மேடையில் நிற்கின்றார். செய்பவரின் பெயர் கருவியின் உள்ளே ஒட்டப்பட்டிருக்கின்றது. நரம்பு திரிப்பவருக்கு இவ்விரண்டில் ஒன்றும் இல்லை.

நரம்பின் எல்லை

நரம்பின் சுருதி அதன் நீளம், இழுவை, திணிவு ஆகிய மூன்றாலும் அமைவது. இவ்விதிகளைப் பிரெஞ்சுத் துறவியான மெர்சென் 1636ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் ஒழுங்குபட விளக்கினார். அவற்றிலிருந்து பெறப்படும் உண்மையொன்று இங்கு இன்றியமையாதது. ஒரே நீளமுள்ள நரம்பை எவ்வளவு உயர்ந்த சுருதிக்கு முறுக்கலாம் என்பது அதன் தடிப்பில் தங்கியிருப்பதில்லை. தடிப்பைக் கூட்டினால் அது தாங்கும் இழுவை கூடும்; அதே அளவுக்குத் திணிவும் கூடுவதால், ஒன்று மற்றதை ஈடுசெய்துவிடும். எனவே மேலெல்லையைத் தீர்மானிப்பது பொருளின் இயல்பான வலுவே. வயலினின் ஒலிக்கும் நீளம் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர். அந்நீளத்தில் அதன் மேல்நரம்பாகிய 'ஈ', குடல் தாங்கக்கூடிய எல்லையை அண்மித்தே நிற்கின்றது. அந்நரம்பு அடிக்கடி அறுந்தமைக்குக் காரணம் இதுவேயன்றித் திரித்தவரின் கவனக்குறைவன்று.

கீழெல்லையிலும் இடர் இருந்தது. ஒலி தாழவேண்டின் நரம்பை நீட்டவேண்டும் அல்லது தடிப்பாக்கவேண்டும். மிகத் தடித்த நரம்பு விறைப்புற்று, வில்லுக்கு எளிதில் இசையாது, மங்கிய ஒலியே தரும். எனவே தாழ்சுருதிக் கருவிகள் உருவத்திற் பெரியனவாக இருக்கவேண்டியிருந்தன. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்குத் தீர்வு கிடைத்தது. குடல்நரம்பின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியையோ செப்புக் கம்பியையோ நெருக்கமாகச் சுற்றினால், விறைப்பு மிகாமலே திணிவு கூடும். இங்கிலாந்தில் 1659ஆம் ஆண்டளவில் இப்புதுமை பற்றிய குறிப்புக் கிடைக்கின்றது. 1664ஆம் ஆண்டில் இலண்டன் இசைநூல் வெளியீட்டாளர் பிளேஃபோர்ட் இத்தகைய நரம்புகளை விளம்பரப்படுத்தினார். அதே காலப்பகுதியில், 1665ஆம் ஆண்டில், பொலோஞா நகரத்து இசையமைப்பாளர் அரெஸ்தியின் வெளியீடொன்றில் 'வயலொன்செல்லோ' என்ற பெயர் முதன்முதலாக அச்சேறியது. பெரிய பாஸ் வயலின் கைக்கடக்கமான செல்லோவாகச் சிறுத்தமைக்கும் கம்பி சுற்றிய நரம்புக்கும் தொடர்புண்டு என்பதை ஆய்வாளர் ஸ்டீவன் பொன்தா 1970களில் எடுத்துக்காட்டினார். தனித்து நின்று விரைந்து பாடவல்ல புதிய செல்லோ இசையும் இதன்பின் வளர்ந்ததே.

ஆகவே குடலும் உலோகமும் முற்றாக வேறுபட்ட இரு யுகங்களைச் சேர்ந்தவை எனக் கொள்வது தவறாகும். 18ஆம் நூற்றாண்டு வயலினில் மேல்நரம்புகள் வெறுங்குடலாகவும், 'ஜீ' எனும் கீழ்நரம்பு கம்பி சுற்றியதாகவும் அருகருகே இருந்தன. வட இந்திய சாரங்கியில் வில் உரசும் மூன்று நரம்புகள் குடலால் ஆயவை. அவற்றின் கீழே, தாமாக அதிர்ந்து எதிரொலிக்கும் முப்பதுக்கு மேற்பட்ட தந்திகள் உலோகத்தால் ஆயவை. இரு பொருள்களும் ஒரே கருவியில் தம்முள் வேலையைப் பங்கிட்டுக் கொண்டுள்ளன.

கம்பியும் மண்டபமும்

இங்கே ஒரு வினா எழுகின்றது. தனி உலோகத் தந்தியை வில்லால் இசைக்கும் எண்ணம் புதியதன்று. ஜேர்மானிய இசையறிஞர் பிரெற்றோரியஸ் 1619ஆம் ஆண்டிலேயே, வயலின் வகைக் கருவிகளிற் பித்தளை, உருக்குத் தந்திகளைப் பூட்டினால் மென்மையான இனிய ஒலி எழும் என்று கூறியுள்ளார். 1679ஆம் ஆண்டில் இலண்டனில் ஐந்து கம்பித்தந்திகள் பூண்ட வில்லுக்கருவியைக் கேட்டு அதன் இனிமையை வியந்து தம் நாட்குறிப்பில் எழுதினார் ஜோன் ஈவ்லின். அவ்வாறாயின் வயலினில் உருக்குத் தந்தி நிலைபெற ஏன் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் சென்றன? இவ்விருவரும் உலோகத்தின் ஒலியை 'மென்மையானது', 'இனியது' என்று வருணித்தமையும் மனங்கொள்ளத்தக்கது. பிற்காலத்தவர் அதே உலோகத்திற் கூர்மையையும் கடுமையையுமே கேட்டனர். கம்பியும் செவியும் ஒருங்கே மாறியிருந்தன.

விடையின் ஒரு பகுதி உற்பத்திச் சக்திகளில் உள்ளது. பழைய இரும்புக் கம்பி வயலினின் 'ஈ' சுருதிக்குரிய இழுவையைத் தாங்கவல்லதன்று. அதைத் தாங்கும் கம்பி கைத்தொழிற் புரட்சியின் பேறாகும். பியானோக்களுக்குப் பெருந்தொகையாகக் கம்பி வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஜேம்ஸ் ஹோர்ஸ்ஃபோல் 1854ஆம் ஆண்டில், வெப்பப்படுத்திப் பதமாக்கிய வலுமிக்க உருக்குக் கம்பிக்கு ஆக்கவுரிமை பெற்றார். அவர் பங்குகொண்ட தொழிற்சாலையே 1866ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் இடப்பட்ட தந்தி வடத்துக்குக் கவசக் கம்பியை வழங்கியது; அதன் நீளம் ஏறத்தாழ 30,000 மைல். பியானோவின் தந்தியும் பேரரசுகளின் வணிகச் செய்தியைச் சுமந்த தந்தியும் ஒரே ஆலையில் இழுக்கப்பட்டன. தமிழ் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கியமை எவ்வளவு பொருத்தமானது!

மறுபகுதி இசையின் சமூக நிலைமைகளில் உள்ளது. பிரபுக்களின் கூடங்களில் ஒலித்த இசை, கட்டணஞ் செலுத்தி வரும் நகரத்து மத்தியதர வகுப்பினரின் மண்டபங்களுக்கு இடம்பெயர்ந்தது. லைப்சிக் நகரில் 1781ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கெவாண்ட்ஹவுஸ் மண்டபத்தில் ஏறத்தாழ 500 பேருக்கே இடமிருந்தது. 1884ஆம் ஆண்டில் அதற்குப் பதிலாக எழுந்த மண்டபம் 1,500 பேருக்கு மேல் கொள்ளத்தக்கது. 1871ஆம் ஆண்டில் இலண்டனில் திறக்கப்பட்ட ரோயல் அல்பேர்ட் மண்டபமோ 5,000 பேருக்கு மேல் இடந்தந்தது. கூடுதலான நுழைவுச்சீட்டுகளை விற்கவேண்டின் ஒலி கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும். பழைய வயலின்களின் கழுத்துகள் நீட்டப்பட்டன. உள்ளிருக்கும் தாங்குசட்டங்கள் தடிப்பாக்கப்பட்டன. ஒலி பளிச்சிடவேண்டும் என்ற போட்டியிற் சுருதியும் உயர்ந்தது. பிரான்சு 1859ஆம் ஆண்டிற் சட்டத்தின் மூலம் 'ஏ' சுரத்தின் மீடிறனை 435 என வரையறுக்குமளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. சுருதி உயர்ந்தபோது, ஏற்கனவே எல்லையில் நின்ற குடல்நரம்பின் நிலை மேலும் இடர்ப்பட்டது.

எனினும் இவையனைத்தும் இருந்தும், 19ஆம் நூற்றாண்டு முழுவதும் பெரும் வயலின் கலைஞர்கள் குடல் 'ஈ' நரம்பையே விரும்பினர். வலுவான கம்பி சந்தைக்கு வந்தபின்னரும் அரைநூற்றாண்டுக்கு மேல் அது ஐயத்தோடே நோக்கப்பட்டது. தொழில்நுட்பம் தோன்றியதும் கலை தானாகவே அதற்கேற்ப மாறிவிடும் என்னும் எளிய சூத்திரம் இங்கு பொய்க்கின்றது. மார்க்சியத்தின் பெயரால் எம்மிற் சிலரும் அச்சூத்திரத்தைக் கூறி வந்திருக்கின்றோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒரு கருவியைக் கற்றவரின் விரல்களில் பதிந்த பழக்கம், ஆசிரியர்வழி வந்த இரசனை, கலைஞர்க்குரிய தொழிற்பெருமிதம் ஆகியனவும் பொருண்மையான சக்திகளே. அவை எதிர்த்து நின்றன.

போரும் நரம்பும்

அவ்வெதிர்ப்பை உடைப்பதிற் போருக்குப் பெரும் பங்குண்டு. 1860களின் இறுதியில் ஆங்கிலச் சத்திரசிகிச்சை வைத்தியர் லிஸ்ரர் காபோலிக் அமிலத்திற் பதப்படுத்திய குடலிழையைக் காயந்தைக்க அறிமுகஞ் செய்திருந்தார். தையலிழையாக உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் இயல்பு அதன் சிறப்பு. 1914ஆம் ஆண்டில் முதலாம் உலகப் போர் மூண்டபோது, போர்க்களத்திற் சிதைந்த உடல்களைத் தைப்பதற்கு இவ்விழை பெருந்தொகையாக வேண்டியதாயிற்று. அதே ஆட்டுக்குடலையே நரம்புப் பட்டறையும் நம்பியிருந்தது. இசைஞர்க்கு நல்ல குடல்நரம்பு கிடைப்பது அரிதாயிற்று. தேவை காரணமாக ஏற்கப்பட்ட உருக்கு 'ஈ' தந்தி, போரின்பின் பழக்கமாகி, பின்னர் இரசனையாகவும் மாறியது. வயலின் கற்பித்தலில் அக்காலத்துப் பேரறிஞரான கார்ல் ஃபிளெஷ், 1923ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் உருக்குத் தந்தியின் பக்கம் நின்றார். உருக்கு மிகக் குறைவாகவே நீளும் இயல்பினது. ஆதலால் முளையைச் சற்றே திருப்பினும் சுருதி பெரிதும் தாவிவிடும். இதற்கென வாற்றகட்டிற் சிறு நுண்திருகொன்று பொருத்தப்பட்டது. இன்று வயலினில் நாம் காணும் அச்சிறு திருகு இவ்வரலாற்றின் தடயமாகும்.

வியன்னாவில் 1919ஆம் ஆண்டில் வயலின் வினைஞர் ஃபிரான்ஸ் தோமாஸ்ரிக்கும் பொறியியலாளர் ஒட்டோ இன்ஃபெல்டும் இணைந்து நிறுவிய தொழிலகம் உருக்குத் தந்திகளைச் சீர்செய்து பரப்பியது. அதே தொழிலகம் 1970ஆம் ஆண்டில், செயற்கை இழையை உள்ளீடாகக் கொண்டு அதன்மேல் உலோகஞ் சுற்றிய தந்தியை வெளியிட்டது. இவ்வுள்ளீடான பேர்லோன் இழை 1938ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஐ. ஜி. பார்பன் இரசாயன நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்டு, அடுத்த உலகப் போரிற் பாராசூட்டுகளுக்குப் பயன்பட்டது. குடலின் இதத்தையும் உலோகத்தின் உறுதியையும் ஒருங்கே தருவதாகப் போற்றப்பட்ட தந்தியின் மூலமும் போர்க்காலக் கைத்தொழிலோடு பிணைந்ததே.

தொழிலாளரின் கதியும் மாறியது. ஆப்ருஸோவின் சாலே எனும் சிற்றூரில் நரம்பு திரித்த குடும்பங்களுட் சில, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தன. அவற்றுள் டடாரியோ குடும்பத்தின் தொழில், காலப்போக்கில் உருக்கு, நைலோன் தந்திகளை உலகச் சந்தைக்குத் தரும் பெருநிறுவனமாயிற்று. குடும்பக் கைவினை ஆலையாயிற்று. கையின் பக்குவத்தை இயந்திரத்தின் அளவு மேற்கொண்டது.

ஓர் எதிர்ச்சோதனை

இம்மாற்றத்தை முதலாளித்துவத்தின் விளைவு என்று மட்டுங் கூறி அமைந்துவிடலாமா? சீனாவின் எர்ஹு எனும் இருதந்தி வில்லுக்கருவி இவ்விடத்து எம்மைச் சிந்திக்க வைக்கின்றது. அதன் மரபுவழி நரம்பு பட்டால் ஆயது. 1949ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர், 1950களிலும் 1960களிலும், பட்டின் இடத்தை உருக்குத் தந்தி கைக்கொண்டது. தேசியக் கருவிகளைக் கொண்டு பெரிய இசைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. மக்கள் திரள் கேட்கும் மண்டபங்களும் வானொலியும் உறுதியான சுருதியையும் உரத்த ஒலியையும் வேண்டி நின்றன. உடைமை உறவுகள் வேறாயிருந்தும், பெருந்திரளுக்கு இசை வழங்கும் முறை ஒத்திருந்தமையால் முடிவும் ஒத்திருந்தது. எனவே காரணத்தை இலாபநோக்கில் மட்டுந் தேடாமல், இசை எவ்வாறு ஆக்கப்பட்டு, எவ்வளவு பேரிடம், எவ்வழியே சேர்கின்றது என்னும் முழு அமைப்பிலும் தேடுவதே பொருந்தும். அதே வேளையில் பட்டின் மெல்லொலியை இழந்ததையும் ஓர் இழப்பாகவே கணக்கிடவேண்டும். மக்களுக்காகச் செய்யப்பட்டது என்பதனால் இழப்பு இழப்பின்றிப் போய்விடாது.

எமது கருநாடக இசையரங்குகளில் ஒலிக்கும் வயலினும் இன்று பெரும்பாலும் உலோகத் தந்தி பூண்டதே. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடமிருந்து அக்கருவியைப் பயின்றபோது ஐரோப்பா குடல்நரம்பையே பூட்டியிருந்தது. இன்று உலோகத்தின் ஒலியையே அக்கருவியின் இயற்கைக் குரலாக எமது செவி ஏற்றுக்கொண்டுள்ளது.

முடிவாக

1953ஆம் ஆண்டில், உருக்குத் தந்தியைப் பரப்பிய அதே வியன்னா நகரில், ஆர்னன்கூர் தம் நண்பர்களோடு பழங்கருவிகளுக்கான இசைக்குழுவொன்றை நிறுவிக் குடல்நரம்புக்குத் திரும்பினார். அவ்வியக்கம் பரவி, மறக்கப்பட்டிருந்த ஒலிகளை மீட்டுத் தந்துள்ளது. அதனை நாம் மதிக்கின்றோம். ஆயின் 'மூல ஒலி' கிடைத்துவிட்டது என்னும் உரிமைகோரலை அப்படியே ஏற்பதற்கில்லை. நரம்பு திரும்பி வந்தது. அதனைத் திரித்த உலகமும், அதனைக் கேட்ட செவியும் திரும்பி வரவில்லை. ஒருகாலத்திற் கொல்களத்தின் உபபொருளாய், அழுகல் நாற்றத்தின் நடுவே ஆக்கப்பட்ட நரம்பு, இன்று தேர்ந்த இரசிகரின் தூய்மைக்கு அடையாளமாகியுள்ளது.

தூய இசை எனப்படுவதிலும் ஆட்டுக்குடலும் உருக்காலையும் போர்க்களமும் கலந்தே உள்ளன. இதனைக் கூறுவது இசையைத் தாழ்த்துவதாகாது. வில் தந்தியைத் தொடும் கணத்தில் எழும் நாதம் ஒருவருடைய மேதைமையால் மட்டும் எழுவதன்று. பெயர் தெரியாப் பல கைகள் அதன்பின்னே உள. இசை வரலாறு எழுதப் புகுவோர் அக்கைகளையும் கணக்கிற் கொள்ளவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.